இறந்த நிலம் எது? நெய்வேலி மண்ணும் உயிரித் தொழில்நுட்பமும்

உயிரித் தொழில்நுட்பம் குறித்து நம் சமுதாய இதழ்களில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு இரண்டு போக்குகள் தெளிவாகப் புலப்படும். ஒன்று வியப்பின் போக்கு. ஆய்வகத்தில் ஏதேனும் ஒன்று கண்டறியப்பட்ட செய்தி வந்தவுடன், அதற்குப் பொருத்தமான வசனம் ஒன்றைத் திருக்குர்ஆனில் தேடி எடுத்து, இது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று நிறுவி முடிக்கும் எழுத்து இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று அச்சத்தின் போக்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 119-ஆம் வசனத்தில், இறைவனின் படைப்பை மாற்றும்படி மனிதரை ஏவப் போவதாக ஷைத்தான் சூளுரைக்கும் செய்தி வருகிறது. அதை முன்வைத்து, மரபணுவைத் தொடும் முயற்சி அனைத்தையும் ஒரே வரியில் விலக்கிவிடும் எழுத்து இவ்வகையைச் சேர்ந்தது.

இவ்விரண்டும் எதிரெதிர் துருவங்கள் போலத் தோன்றினாலும் அவற்றின் குறை ஒன்றே. இரண்டும் ஆய்வகத்தின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அங்கே உருவான அறிவு எந்த நிலத்தில், எவர் கையால், எவருடைய நன்மைக்காகப் பயன்படுத்தப்படுகிறது என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. 2012-இல் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறை வெளிவந்தபோதும், 2018-இல் சீனாவில் மரபணு திருத்தப்பட்ட குழந்தைகள் பிறந்த செய்தி உலகை அதிரவைத்தபோதும், 2023-இல் அரிவாள் செல் சோகைக்கு அம்முறையிலான சிகிச்சையைப் பிரிட்டன் அனுமதித்தபோதும், 2025-இல் மரபணு திருத்தப்பட்ட இரு நெல் வகைகளை இந்திய அரசு அறிவித்தபோதும் நம்முடைய எழுத்து இந்த இரு தடங்களிலேயே ஓடியது.

பொருளின் தூய்மை பற்றிய வினாவுக்கு நம் அறிஞர்கள் பெருமளவு விடை கண்டுவிட்டனர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து பெறப்பட்டு வந்த இன்சுலினுக்கு மாற்றாக, நுண்ணுயிரைக் கொண்டு உருவாக்கப்பட்ட மனித இன்சுலின் 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முஸ்லிம் நோயாளிகளின் தயக்கம் ஒன்று அத்துடன் நீங்கியது. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மனிதரைப் படியெடுப்பதைத் தடை செய்தது. அதே தீர்மானத்தில், நுண்ணுயிர்கள், தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றில் ஷரீஅத்தின் வரம்புகளுக்கு உட்பட்டு, நன்மையை நாடியும் தீங்கைத் தவிர்த்தும் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தது. எனவே 'கூடுமா, கூடாதா' என்ற வினாவுக்கு அப்பால் செல்ல வேண்டிய கடமை இப்போது நமக்கு இருக்கிறது. அவ்வாறு செல்லும்போது எதிர்ப்படும் முதல் வினா உரிமையைப் பற்றியது. அதனை நெய்வேலி என்னும் ஓர் இடத்தை முன்வைத்து ஆராய விழைகின்றோம்.

பழுப்பு நிலக்கரியும் உயிர் உரமும்

நெய்வேலியை மின்சாரத்தின் ஊராகவே தமிழகம் அறியும். கடலூர் மாவட்டத்தின் இப்பகுதியில், 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலவுடைமையாளரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் உறுதியாயிற்று. 1956 நவம்பரில் பொதுத்துறை நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்த அந்த முதல் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. எனினும் புதிய நிலையங்களும் மூன்று சுரங்கங்களும் தொடர்கின்றன. தென்னிந்தியாவின் விளக்குகளில் நெய்வேலியின் பங்கு மறுக்க முடியாதது.

நெய்வேலிக்கும் உயிரித் தொழில்நுட்பத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். தொடர்பு இரண்டு வகையில் உள்ளது. இரண்டும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வராதவை.

முதலாவது, உயிர் உரம். காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துப் பயிருக்குத் தரும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்களையும், மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் ஆய்வகத்தில் பெருக்கி உழவர் கையில் சேர்ப்பதே இத்தொழில்நுட்பம். பெருக்கிய பாக்டீரியாவை அப்படியே கொண்டு செல்ல முடியாது. வெயிலில் அது மடியும், உலர்ந்தாலும் மடியும். அதனைத் தாங்கி நிற்க ஓர் ஊடகம் தேவை. மேலை நாடுகளில் இதற்குப் 'பீட்' எனப்படும் சதுப்பு நிலக் கரிமண் பயன்பட்டது. அது நம் நாட்டில் அரிது. அதற்கு ஈடாக இங்கே கைகொடுத்தது பழுப்பு நிலக்கரியின் தூள். அதனை நுண்ணியதாக அரைத்து, அதன் அமிலத் தன்மையைச் சுண்ணாம்புச் சத்தால் சமன் செய்து, கிருமி நீக்கி, பாக்டீரியா வளர்ந்த கரைசலை அதில் கலந்து, 200 கிராம் பொட்டலங்களாக அடைக்கின்றனர். வேளாண் விரிவாக்க மையங்களில் தமிழக உழவர் வாங்கி வந்த கரிய தூள் இதுவே. ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் குழைத்து விதையோடு கலந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்க வேண்டும். எரிந்து சாம்பலாவதற்கென்றே தோண்டப்படும் ஒரு பொருள், நுண்ணுயிர் சில மாதங்கள் உயிர் தரித்திருக்கும் இல்லமாகவும் அமைந்திருப்பது சிந்தனைக்குரியது. திரவ வடிவிலான உயிர் உரங்கள் பரவிவரும் இக்காலத்திலும் தூள் வடிவம் மறைந்துவிடவில்லை.

இதே நிலக்கரியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஹியூமிக் அமிலம் மற்றொரு பயன். இலையும் மரமும் மண்ணுள் மக்கிப் பல்லாயிரம் நூற்றாண்டுகளில் உருவான இவ்வமிலத்தைப் பொட்டாசியம் சேர்ந்த காரத்தில் கரைத்துப் பிரித்து மண்ணில் இடும்போது, மண் சத்துகளைப் பற்றி வைக்கும் ஆற்றல் கூடுகிறது, வேர் செழிக்கிறது. 1982-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மரத்தை அழுகச் செய்யும் சில பூஞ்சைகள் லிக்னைட்டின் மேலும் வளர்ந்து அதைச் சிதைப்பதைக் கண்டறிந்தனர். அதன் பின்னர், காரத்தின் துணையின்றி நுண்ணுயிரைக் கொண்டே நிலக்கரியை உடைக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்து வருகின்றன.

இரண்டாவது தொடர்பே நம் விவாதத்துக்கு மையமானது. அது சுரங்கம் விட்டுச் சென்ற மண்ணைப் பற்றியது.

கழிவு மண்ணில் நுண்ணுயிர்

நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம். ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை முதலில் அகற்ற வேண்டும். பெருஞ்சக்கரத்தில் வாளிகள் பொருத்திய இயந்திரங்கள் மண்ணை அரிந்தெடுக்கின்றன. கன்வேயர் பட்டைகள் அதைச் சுமந்து சென்று நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டுகின்றன. இவ்வாறு கொட்டும்போது மண்ணின் வரிசை குலைகிறது. தலைமுறை தலைமுறையாக எருவிட்டு உழுது பண்படுத்திய மேல்மண் எங்கோ ஆழத்தில் புதைய, ஆழத்தில் கிடந்த மணற்பாறையும் களியும் மேலே வந்து சேர்கின்றன. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துப் பின்னர் மேலே பரப்புவதே முறை. அது எங்கு முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லையோ அங்கு எஞ்சுவது கழிவு மண்ணே. அதில் கரிமச் சத்து இல்லை; நைட்ரஜன் மிகக் குறைவு; இயந்திரங்களின் எடையால் இறுகிய இடத்தில் வேர் இறங்காது; சரிவான இடத்தில் மழைநீர் தங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் உயிர் இல்லை. நல்ல வயல் மண்ணின் ஒரு கிராமில் கோடிக்கணக்கில் வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சை இழைகளும் அங்கே அற்றுப்போயிருக்கும்.

இத்தகைய மண்ணை மீட்க உயிரித் தொழில்நுட்பம் காட்டும் வழி எளிமையானது. முதலில் ஏரி வண்டல், தொழு உரம், கரும்பாலைக் கழிவு போன்றவற்றால் கரிமச் சத்தை ஊட்ட வேண்டும். அடுத்து, தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் பயிர்களை ரைசோபியம் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். மரக்கன்றுகளின் வேரோடு மைக்கோரைசா என்னும் வேர்ப்பூஞ்சையைச் சேர்க்க வேண்டும். இப்பூஞ்சை வேர் எட்டாத தொலைவுக்கும் தன் நுண்ணிழைகளை அனுப்பி மணிச்சத்தையும் நீரையும் கொணர்கிறது. பதிலாக மரத்திடம் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. இவற்றோடு ஹியூமிக் அமிலமும் இடப்படுகிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நெய்வேலி நிறுவனம் இத்துறையில் ஆய்வுகள் நடத்தியுள்ளது. மீட்கப்பட்ட பகுதிகளில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. பயிர் விளைவித்தும் காட்டியிருக்கிறார்கள். இந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பாழ் மண்ணில் பச்சை துளிர்ப்பதை யாசீன் அத்தியாயத்தின் 33-ஆம் வசனம் இறைவனின் அத்தாட்சியாகவே காட்டுகிறது. அந்த அத்தாட்சி நிகழ்வதற்கான காரணங்களைக் கற்றுப் பொறுமையோடு செயல்படுவோர் நம் மதிப்புக்குரியவர்கள்.

ஆயினும் எல்லையையும் சொல்ல வேண்டும். ஓர் அங்குல மேல்மண் இயற்கையில் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. நுண்ணுயிர் அந்தக் காலத்தைச் சுருக்க உதவுமே தவிர, அதை இல்லாமல் ஆக்கிவிடாது. உண்ணக் கரிமச் சத்து இல்லாத மண்ணில் இட்ட பாக்டீரியா விரைவிலேயே மடிந்துவிடும். தரம் பற்றிய கேள்வியும் உண்டு. உயிர் உரங்கள் 2006-இல்தான் இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. அதன்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலத்திலும் காலாவதியான பொட்டலத்திலும் அவ்வெண்ணிக்கை இராது. உழவர் காசு கொடுத்து வெறும் கரித்தூளையே வாங்கிச் செல்வார். மேலும், மரம் வளர்ந்துவிட்டது என்பதற்கும் நெல் விளையும் வயல் திரும்பிவிட்டது என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. தைல மரமும் முந்திரியும் வளரும் எல்லா மண்ணும் நெல்லுக்கு ஏற்ற மண் ஆகிவிடாது.

'உயிர்ப்பித்தல்' என்ற சொல்

சுரங்க நிலங்களைச் சீரமைக்கும் பணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கையாளும் சொற்கள் 'தரிசு நிலம் பசுமையானது', 'இறந்த மண் உயிர்பெற்றது' என்பவை. நாடெங்கும் நிறுவன அறிக்கைகளிலும் பத்திரிகைச் செய்திகளிலும் காணப்படும் இச்சொற்களை நம் எழுத்தாளர் சிலரும் மகிழ்ச்சியோடு எடுத்தாள்கின்றனர். இஸ்லாமிய மரபில் 'இஹ்யாவுல் மவாத்' (இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல்) என்று ஓர் அத்தியாயமே இருப்பதால், அதோடு இதைப் பொருத்திக் காட்டுவது அவர்களுக்கு எளிதாகவும் இருக்கிறது. நம் விமர்சனம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இறந்த நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கே அந்நிலம் உரியது என்ற கருத்துடைய நபிமொழி பரவலாக அறியப்பட்டது. அதன்மீது ஃபிக்ஹ் அறிஞர்கள் கட்டிய விவாதம் நுட்பமானது. உயிர்ப்பிக்க ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்), இமாம் ஷாஃபிஈயும் (ரஹ்) அனுமதி தேவையில்லை என்றனர். இவ்வாறு கருத்து வேறுபட்டோரும் ஒன்றில் உடன்பட்டனர். மவாத் எனப்படுவது எவருடைய உடைமையாகவும் இல்லாத நிலம். விலைக்கு வாங்கியோ அன்பளிப்பாகப் பெற்றோ ஒருவர் உடைமையாக்கிய நிலம் பாழடைந்து போனாலும் அது மவாத் ஆகிவிடாது. ஊரை ஒட்டிய மேய்ச்சல் நிலமும் நீர்வழியும் போன்றவை ஊராரின் பொதுத் தேவைக்கு உரியவை. அவற்றையும் உயிர்ப்பித்தலின் பெயரால் எவரும் தமதாக்க முடியாது.

அதே நபிமொழியின் தொடர்ச்சியாக, அநியாயமாக ஊன்றிய வேர் எந்த உரிமையையும் பெற்றுத் தராது என்ற கருத்தும் அறிவிக்கப்படுகிறது. பிறர் நிலத்தில் ஒருவர் நட்டு வளர்த்த பேரீச்ச மரங்கள் தொடர்பான வழக்கில், நிலம் உரியவருக்கே என்று தீர்ப்பளிக்கப்பட்டு, வளர்ந்து நின்ற மரங்கள் வெட்டி அகற்றப்பட்ட செய்தியை அபூதாவூத் தொகுப்பில் காணலாம். பசுமை நல்லதே, ஆயினும் பசுமையாக்கியதே உரிமைக்குச் சான்றாகிவிடாது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நெய்வேலியைச் சூழ்ந்த நிலம் இறந்து கிடந்த நிலமன்று. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைந்த ஊர்கள் அவை. அந்த மண் இறந்தது அகழ்வினால். ஒன்றை இறக்கச் செய்துவிட்டுப் பின்னர் உயிர்ப்பிப்பது நற்கொடை ஆகாது. அதற்கு ஃபிக்ஹில் வேறொரு பெயர் உண்டு: ளமான், அதாவது ஈடு செய்யும் பொறுப்பு.

மண்ணைத் திருப்பித் தருதல்

இமாம் நவவி (ரஹ்) ஹிஜ்ரி 676-இல் மறைந்தவர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் வேரூன்றிய ஷாஃபிஈ மத்ஹபில் அவருடைய 'மின்ஹாஜுத் தாலிபீன்' அடிப்படை நூல்களுள் ஒன்று. அதன் 'ஃகஸ்ப்' (பிறர் உடைமையைக் கவர்தல்) பற்றிய பகுதியில், நிலத்தின் மண்ணை ஒருவர் எடுத்துச் சென்றுவிட்டால் என்ன செய்வது என்ற வினா ஆராயப்படுகிறது. எடுத்த மண்ணையோ அதற்கு ஒப்பான மண்ணையோ திருப்பிக் கொணர்ந்து, நிலத்தை முன்பிருந்தவாறே ஆக்கித் தருமாறு அவரை உரிமையாளர் கட்டாயப்படுத்தலாம் என்பது அங்கே தரப்படும் விடை. பணத்தை வீசிவிட்டு விலகிச் செல்ல வழியில்லை. மண்ணுக்கு ஈடு மண். நிலைக்கு ஈடு முன்னிருந்த நிலை. ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதியைப் படிக்கும்போது, மேல்மண்ணைத் தனியே காத்துத் திரும்பப் பரப்ப வேண்டும் என்ற இன்றைய மண்ணியல் அறிவுரை நம் நினைவுக்கு வருகிறது.

நெய்வேலி நிறுவனத்தை அபகரித்தவராகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. அரசு சட்டப்படி இழப்பீடு வழங்கியே நிலம் எடுத்தது. நிலத்தடிக் கனிமம் பொதுமக்களுக்குரியது என்ற கருத்துக்கும் நம் மரபில் வலுவான இடம் உண்டு. மாரிப் பகுதியின் உப்புச் சுரங்கம் ஒன்றை நபித்தோழர் ஒருவருக்கு வழங்கிய நபிகள் நாயகம் (ஸல்), அது வற்றாத நீர்போல எல்லோருக்கும் எளிதில் கிடைப்பது என்று அறிந்தவுடன் அதனைத் திரும்பப் பெற்றார்கள். மாலிக்கி மத்ஹபின் புகழ்பெற்ற கருத்தின்படி, தனியார் நிலத்தில் கிடைத்த கனிமமும் ஆட்சியின் பொறுப்பில் சேரும். பொது நன்மைக்காக நிலம் எடுப்பதும் புதிதன்று. மக்காவின் புனிதப் பள்ளியை விரிவாக்க உமர் (ரலி) சுற்றியிருந்த வீடுகளை விலை கொடுத்து எடுத்தார்கள். எனவே நிலக்கரி பொதுவுக்கு என்பதை ஏற்கிறோம். நிலக்கரிக்கு மேலிருந்த மண் எவருக்கு என்பதே நாம் கேட்பது.

இவ்வினாவுக்கு இக்கால அறிஞர்கள் தெளிவான விடை தந்திருக்கின்றனர். முன்னர்க் குறிப்பிட்ட ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் ஜித்தாவில் நடத்திய அமர்வில், பொது நன்மைக்காகத் தனியார் நிலத்தை எடுப்பது பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நியாயமான இழப்பீடு தாமதமின்றி வழங்கப்பட வேண்டும்; உண்மையான பொதுத் தேவை இருக்க வேண்டும்; அத்தேவை நீங்கிவிட்டால், நியாய விலையில் அந்நிலத்தைத் திரும்பப் பெறும் முன்னுரிமை பழைய உரிமையாளருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உண்டு என்பது அதன் சாரம். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்திலும் இதற்கு ஓரளவு நெருங்கிய பிரிவு ஒன்று இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தப்படாத நிலம் பழைய உரிமையாளருக்கு அல்லது அரசின் நில வங்கிக்குச் செல்ல வேண்டும் என்கிறது அது. பயன்படுத்தி முடித்த நிலமோ அப்பிரிவின் சொற்களுக்குள் வருவதில்லை. தோண்டி முடித்து, மண் நிரப்பி, நுண்ணுயிர் இட்டு மீட்ட நிலம் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

2023 ஜூலை இறுதியில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் நடந்தது இப்பின்னணியில் எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணியில், கதிர் முற்றாத நெற்பயிர் நின்ற வயல்களில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன, இழப்பீடும் வழங்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். எங்கள் கையில் இருந்த வயலில் விதைத்தோம், அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்பது உழவர்களின் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில், பயிரிழந்தோர்க்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க உத்தரவாயிற்று. சட்டத்தின் பார்வையில் வழக்கு பயிரின் விலையைப் பற்றியது. ஆனால் அன்று தமிழகம் முழுவதும் எழுந்த வேதனையின் காரணம் வேறு. பசிய பயிரின்மீது இயந்திரம் ஏறிய காட்சி, அந்நிலம் இனி என்றென்றைக்கும் உழவருடையதன்று என்பதை ஊரறியச் சொல்லிற்று. மீட்கப்பட்ட மண் ஒருநாள் பழையவர்களின் பிள்ளைகளிடம் திரும்பும் என்ற உறுதி இருந்திருந்தால், அந்தப் பிரிவின் துயரம் இத்துணைக் கடுமையாக இருந்திராது என்றே எண்ணுகிறோம்.

முஸ்லிம் அல்லாத உழவர்களும் மதச்சார்பற்ற அரசும் சம்பந்தப்பட்ட ஒன்றில் ஃபிக்ஹுக்கு என்ன இடம் என்று கேட்பவர் இருக்கலாம். சட்டமாக அதற்கு இங்கே இடமில்லை. நாமும் அதைக் கோரவில்லை. ஆனால் பிறர் உடைமை பற்றிய நம் விதிகள் உடைமையாளரின் மதத்தைப் பார்ப்பவையல்ல. மக்களுக்கு உரியவற்றைக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐப் நபி (அலை) தம் சமூகத்தாரை எச்சரித்ததை அல்அஃராஃப் அத்தியாயத்தின் 85-ஆம் வசனம் கூறுகிறது. பூமியில் சீர்கேடு விளைவிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதே வசனத்தில் சேர்ந்தே வருகிறது. உரிமையைக் குறைப்பதும் நிலத்தைக் கெடுப்பதும் ஒரே வசனத்தில் அருகருகே நிற்பதை நம் எழுத்தாளர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும்.

விமர்சனத்துக்கான அளவுகோல்

மேற்கண்டவற்றிலிருந்து, உயிரித் தொழில்நுட்பத்தின் எந்தப் பயன்பாட்டை மதிப்பிடவும் உதவக்கூடிய மூன்று வினாக்களை முன்வைக்கின்றோம்.

முதல் வினா: அது எதைச் சரிசெய்கிறது, அந்தக் குறை எப்படி நேர்ந்தது? இயற்கையாகவே வறண்ட நிலத்தில் மைக்கோரைசா மரம் வளர்த்தால் அது இஹ்யா. தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் அதே மைக்கோரைசா அதே மரத்தை வளர்த்தால் அது ளமான். அறிவியல் ஒன்றே, அறத்தில் அதன் பெயர் வேறு. பெயரை மாற்றிச் சொல்வது கடனைக் கொடையாகக் கணக்கெழுதுவதற்குச் சமம்.

இரண்டாம் வினா: அதன் வெற்றி எதைக் கொண்டு அளக்கப்படுகிறது? நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும் பசுமைப் பரப்பும் எளிய அளவைகள். மண்ணின் கரிமச் சத்து எவ்வளவு உயர்ந்தது, இட்ட நுண்ணுயிர் சில ஆண்டுகளுக்குப் பின்னும் வாழ்கிறதா, ஓர் உழவர் வெளியுதவி இன்றி அதில் விளைவிக்க முடியுமா என்பவையே உண்மை அளவைகள். அர்ரஹ்மான் அத்தியாயம் வலியுறுத்தும் மீஸான், அதாவது நிறுவையில் குறைக்காத நேர்மை, மண்ணை அளப்பதற்கும் பொருந்தும்.

மூன்றாம் வினா: பயன் எவரைச் சென்றடைகிறது? 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் ஆனந்த சக்ரவர்த்தி உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை வழங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் உயிருள்ள நுண்ணுயிரும் ஒருவரின் உடைமையாகலாம் என்ற நிலை உலகெங்கும் பரவியது. அந்தப் பின்னணியில், அரசுப் பல்கலைக்கழகம் பெருக்கி எளிய விலையில் விற்கும் 200 கிராம் உயிர் உரப் பொட்டலம் மதிப்புமிக்க ஒரு மாற்று வழி. அறிவு பொதுவில் இருக்கிறது. ஏழை உழவரும் அதை வாங்க முடிகிறது. அந்த நேர்மை பொட்டலத்தோடு நின்றுவிடாமல், அது உயிரூட்டிய நிலத்துக்கும் நீள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? மீட்கப்பட்ட நிலம் முழுவதையும் உடனே பிரித்துத் தர இயலாது என்பதை அறிவோம். சரிவுகள் உறுதிப்பட ஆண்டுகள் ஆகும். சில பகுதிகள் நீர்நிலைகளாகவும் காடுகளாகவும் இருப்பதே நல்லது. ஆனால் உழவுக்குத் தகுதி பெற்ற பகுதிகளை, நிலம் தந்த குடும்பங்களுக்கு முதலில் குத்தகையாகவும் மண் உறுதிப்பட்ட பின் நியாய விலையில் உரிமையாகவும் வழங்கும் ஏற்பாடு இயலாத ஒன்றன்று. மண்ணைச் சீராக்கும் பணியிலும் அவர்களையே ஈடுபடுத்தலாம். மண்ணின் குணம் அறிந்தவர் அதை இழந்தவரே. பிலால் இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்த பெருநிலத்தில் அவரால் பயிரிட இயலாத பகுதியை உமர் (ரலி) திரும்பப் பெற்று மக்களுக்குப் பகிர்ந்தளித்த முன்மாதிரி நம் வரலாற்றில் உண்டு. நிலத்தைக் கையில் வைத்திருப்பதே உரிமைக்குப் போதுமானதன்று, அது மக்களின் உழைப்புக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

உயிரித் தொழில்நுட்பம் குறித்து எழுதும் நம் இளம் எழுத்தாளர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். அற்புதத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா பழுப்பு நிலக்கரித் தூளில் காத்திருந்து, மண்ணில் விழுந்ததும் வேரைத் தேடிச் சென்று ஊட்டுவது அற்புதமே. அதை வியந்து எழுதுங்கள். எழுதும்போது அந்த மண் முன்னர் எவருடைய வயலாக இருந்தது, இனி எவர் அதில் விதைக்கப் போகிறார் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். மண்ணுக்கு உயிர் திரும்பிய செய்தி, அந்த மண்ணைத் தந்தவருக்கு மண் திரும்பும்போதே நிறைவு பெறும்.